எல்லாருக்கும் ஒரே விதி இருந்தால் போதுமா? கல்லூரி மாணவர்களுக்குப் பாலினச் சமத்துவம்

பல்கலைக்கழக வகுப்பில் பாலினச் சமத்துவம் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேள்வி எழும். "பெண்களுக்கு ஓட்டுரிமை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது. சட்டத்தில் எல்லாரும் சமம்தானே? இன்னும் இதைத் தனிப் பாடமாக ஏன் படிக்க வேண்டும்?" கேட்பவர் பெரும்பாலும் குதர்க்கத்துக்காகக் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் கேட்கிறார். பக்கத்து பெஞ்சில் மாணவிகள் இருக்கிறார்கள், முதல் மதிப்பெண்ணையும் அவர்களில் ஒருவர் வாங்கிவிடுகிறார். இந்தக் கேள்வியை அடக்கிவிட்டுப் பாடம் நடத்தினால், நடத்துவது காதில் ஏறாது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சுருக்கமான பதில் இது. சமத்துவத்தில் இரண்டு கட்டம் உண்டு. சட்டத்திலும் விதியிலும் ஆண், பெண் என்று வித்தியாசம் பார்க்காமல் இருப்பது முதல் கட்டம். இதை முறைசார் சமத்துவம் என்கிறார்கள். அந்த விதி நடைமுறைக்கு வரும்போது இருவருக்கும் உண்மையிலேயே ஒரே வாய்ப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது கட்டம். இதற்கு மெய்ச் சமத்துவம் என்று பெயர். முதல் கட்டத்தைத் தாண்டவே தலைமுறை தலைமுறையாகப் போராட வேண்டியிருந்ததால், அதைத் தாண்டியதுமே வேலை முடிந்துவிட்டது என்று பலருக்கும் தோன்றுகிறது. முடியவில்லை. அதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

கதவு திறந்த கதை

முதல் கட்டத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இதற்கு நான் எப்போதும் எடுக்கிற உதாரணம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அது மாணவர்களின் வயதுக்காரர்களுடைய கதை என்பதால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

1890இல் அங்கே கணிதத் தேர்வு எழுதிய ஃபிலிப்பா ஃபாசெட் என்ற மாணவி, எல்லா ஆண்களையும்விட அதிக மதிப்பெண் எடுத்தார். அந்தத் தேர்வில் முதலிடம் பெறும் ஆணுக்கு 'சீனியர் ராங்லர்' என்ற பெயர் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் அது பெரிய கௌரவம். பெண்களின் பெயரைத் தனிப் பட்டியலாகத்தான் வாசிப்பார்கள். ஃபாசெட்டின் முறை வந்தபோது 'சீனியர் ராங்லருக்கு மேலே' என்று வாசித்தார்கள். சரி, அப்புறம்? பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வு எழுதலாம், பட்டம் வாங்க முடியாது. அதுதான் விதி.

1897இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. அன்றைக்கு ஆண் மாணவர்கள் சைக்கிளில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தீர்மானம் தோற்றது. 1921இல் மறுபடி வாக்கெடுப்பு நடந்து, பெண்களுக்கு முழு உரிமை மறுபடி மறுக்கப்பட்டது. அந்தக் களிப்பில் ஒரு கூட்டம் போய் நியூனம் மகளிர் கல்லூரியின் வெண்கலக் கதவைச் சேதப்படுத்தியது. முழுப் பட்டம் வந்தது 1948இல். ஃபாசெட் தன் 80ஆவது வயதில் காலமானதும் அதே ஆண்டில்தான்.

இந்தக் கதையில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எதிர்த்து நின்றவர்கள் நன்றாகப் படித்தவர்கள். அறிவு வளர்ந்தால் பாகுபாடு தானாகவே மறைந்துவிடும் என்று நாம் நம்ப ஆசைப்படுகிறோம். அறிவின் உச்சத்தில் இருந்த ஓர் இடத்தில், கண்ணெதிரே ஒரு பெண் முதலிடம் வாங்கிய பிறகும், விதி மாற 58 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு முறையும் யாரோ கேட்டதால்தான் அது அசைந்தது.

மற்ற உரிமைகளும் இப்படித்தான் வந்தன. தேசிய அளவில் பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை தந்த நியூசிலாந்தில் அது 1893இல் நடந்தது. சுவிட்சர்லாந்தில் 1971இல். அந்த நாட்டின் ஆப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில், நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, 1990இல்தான் மாநில விவகாரங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. கணவன் மனைவியை வல்லுறவு செய்வதும் குற்றமே என்று இங்கிலாந்தின் உச்ச நீதிபீடம் தீர்ப்பளித்தது 1991இல். மாணவர்களின் அம்மாக்கள் பிறந்து வளர்ந்த காலம் அது.

உடம்பு தந்தது எது, ஊர் சொன்னது எது

அடுத்து வரும் கேள்வி, "ஆணும் பெண்ணும் இயற்கையிலேயே வேறு வேறுதானே?" உடலளவில் வேறுபாடுகள் இருக்கின்றன. அதைப் பால் என்கிறோம். இந்த உடம்போடு பிறந்தவர் இப்படி நடக்க வேண்டும், இந்த வேலைக்குத்தான் லாயக்கு என்று சமூகம் கட்டி வைத்திருப்பது பாலினம். எது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. காலம் மாறினால், நாடு மாறினால் அது மாறுகிறதா? மாறுகிறது என்றால் அதை உடம்பின் மேல் போட முடியாது.

கணினித் துறையையே எடுத்துக்கொள்ளலாம். 1940களில் அமெரிக்காவில் உருவான எனியாக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவது பெரிய வேலை, நிரல் எழுதுவது எழுத்தர் வேலை மாதிரி, அதைப் பெண்கள் பார்க்கட்டும் என்பது அன்றைய நினைப்பு. பின்னால் நிரலெழுத்துக்குச் சம்பளமும் மதிப்பும் ஏற ஏற, அது 'ஆண் மூளைக்கான வேலை' ஆகிவிட்டது. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் 1984 வாக்கில் சுமார் 37 சதவீதம் பெண்கள். 2010 வாக்கில் அது 20 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. இருபத்தைந்து வருடத்தில் பெண்களின் மூளை மாறிவிடாது. மாறியது அந்தத் துறையைப் பற்றிய பேச்சும், அதற்குள் யாரை வரவேற்கிறார்கள் என்பதும்தான். பொறியியல் வகுப்பில் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். அந்தப் பேச்சை நிறுத்த வேண்டாம்.

ஒரே விதி, வேறு விளைவு

இப்போது இரண்டாவது கட்டம். விதியில் பாகுபாடு இல்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை, ஆனாலும் ஒரு சாரார் பாதிக்கப்படுகிறார்கள். இது எப்படி நடக்கும்?

ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்து அந்த மருந்து வெளியேற அதிக நேரம் பிடிக்கிறது. அதனால் காலையில் எழுந்து வண்டி ஓட்டும்போதும் இரத்தத்தில் மருந்து மிச்சம் இருக்கும். 2013இல்தான் அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாக, 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. இருபது ஆண்டுகளுக்கு மேல் 'எல்லாருக்கும் ஒரே அளவு' என்பதே நடைமுறையாக இருந்தது. இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1977இல் அதே அமைப்பு, கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கருவுக்குத் தீங்கு வரக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். ஆனால் 1993இல் அதைத் திரும்பப் பெறும்வரை, ஆரம்பக் கட்டச் சோதனைகளில் ஆண் உடம்பே மனித உடம்பு என்ற கணக்கில் வைக்கப்பட்டது.

இந்தத் தர்க்கம் மாணவர்களுக்குப் புரிந்துவிட்டால் அவர்களே உதாரணம் சொல்ல ஆரம்பிப்பார்கள். முதலில் வருவது விடுதி வாசல். இங்கே விதியே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுதான், ஆனால் கெட்ட எண்ணம் இல்லாமலே பாதிப்பு வருவது அதேபோலத்தான். ஆண்கள் விடுதி நள்ளிரவிலும் திறந்திருக்கும், பெண்கள் விடுதி சீக்கிரமே பூட்டப்படும் என்ற ஏற்பாடு உலகின் பல பல்கலைக்கழகங்களில் இருந்திருக்கிறது. அமெரிக்காவிலேயே 1960களின் கடைசிவரை பெண்களுக்கு மட்டும் இரவுக் கட்டுப்பாடு வைத்த பல்கலைக்கழகங்கள் ஏராளம். பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூலகம் இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிய நள்ளிரவு ஆகிறது, கூட்டுத் திட்டப்பணிக்கு நண்பர்கள் கூடுவது இரவில்தான். வாசல் எட்டு மணிக்கு மூடினால் இவை எல்லாமே மாணவிக்கு இல்லை. கட்டணம் இருவருக்கும் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று, படிக்கக் கிடைக்கும் நேரம் மட்டும் வேறு. ஆபத்தை உண்டாக்குபவரைக் கட்டுப்படுத்தாமல், ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவரை உள்ளே வைத்துப் பூட்டும் ஏற்பாடு இது. வெளிச்சம், பேருந்து, காவல் ஆகியவற்றுக்கு நிர்வாகம் செலவழிக்க வேண்டிய பணத்தை மாணவி தன் நேரமாகக் கட்டுகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பெண்கள்' என்று ஒரே கூட்டமாகப் பேசினால் சிலர் அந்தக் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார்கள். 1976இல் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு தீர்ப்புக்கு வந்தது. அந்த நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. 1970களில் வியாபாரம் மந்தமானபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும் என்ற பணிமூப்பு விதிப்படி ஆட்குறைப்பு செய்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார் என்று சொல்லவே வேண்டாம். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதற்கு வேறொரு வழக்கு நடக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புகாராகக் கொண்டுவர முடியாது. அலுவலகத்தில் எடுத்தது வெள்ளையினப் பெண்களை, தொழிற்கூடத்தில் எடுத்தது கறுப்பின ஆண்களை. நடுவில் நின்றவர்கள் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை அலசி, இப்படிப் பல பாகுபாடுகள் ஒருவர்மேலேயே வந்து குறுக்கிடுவதற்கு 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்று பெயர் வைத்தார். இன்று அது பெரிய கோட்பாடாகப் பேசப்படுகிறது. மாணவர்களுக்கு அந்த ஐந்து பேரின் வழக்கைச் சொன்னாலே போதும், கோட்பாடு தானே விளங்கிவிடும்.

கணக்கில் வராத வேலை

சம்பளம், பதவி என்று எதைப் பேசினாலும் கடைசியில் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். உலகத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சமையல், துப்புரவு, குழந்தைகளையும் முதியோரையும் கவனிப்பது போன்ற சம்பளமில்லாத வேலைக்குப் பெண்கள் சராசரியாக ஒரு நாளில் 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். அந்த மூன்று மணி நேர வித்தியாசத்தை ஒரு மாணவனின் நாளிலிருந்து எடுத்துவிட்டு, அதே மதிப்பெண் வாங்கச் சொன்னால் என்ன ஆகும்?

இந்த வேலையின் கனம் தெரிந்த ஒரு நாள் வரலாற்றில் உண்டு. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் சுமார் 90 சதவீதப் பெண்கள் எந்த வேலையும் செய்யவில்லை. அலுவலகமும் இல்லை, வீட்டு வேலையும் இல்லை. பள்ளிகள் மூடின, பத்திரிகை அச்சாவதில் சிக்கல், அப்பாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். அடுத்த வருடமே அந்த நாட்டில் ஆண், பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்த உலகின் முதல் பெண் அவர்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், சமத்துவத்தில் முன்னால் நிற்கும் நாடுகளிலும் முதல் குழந்தை பிறந்ததும் கணக்கு மாறுகிறது. டென்மார்க்கின் வருமானப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் வருமானம் ஒரே போக்கில் போகிறது. பிறந்ததும் பெண்ணின் வருமானம் சரிகிறது, நீண்டகாலத்தில் சுமார் 20 சதவீதம் குறைவாகவே நிற்கிறது. அப்பாவின் வருமானத்தில் அசைவே இல்லை. குழந்தை இருவருக்கும்தான். "ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று சட்டம் இருக்கிறதே" என்பவருக்கு இதைக் காட்டலாம். சட்டம் ஒரே வேலையைப் பற்றிப் பேசுகிறது. அந்த வேலையில் தொடர்ந்து இருக்க முடிவது யாரால் என்பது வேறு விஷயம்.

சலுகை வேறு, உரிமை வேறு

இவ்வளவு பேசிய பிறகுதான் 'பெண்களின் உரிமை' என்ற பகுதிக்குப் போக வேண்டும். முதலிலேயே சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க ஆரம்பித்தால் அது ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

உரிமை என்றால், ஒருவர் கேட்கலாம், இன்னொருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். யாராவது மனமிரங்கித் தருவது சலுகை. மனம் மாறினால் போய்விடும். பெண்கள் விஷயத்தில் அரசுகள் பதில் சொல்லக் கடமைப்பட்ட முக்கியமான சர்வதேச ஒப்பந்தம் சீடா. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான இந்த உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றது. 1981 செப்டம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்துவிட்டன. அமெரிக்கா 1980இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை.

இதில் மாணவர்கள் நேரடியாகப் படித்துப் பார்க்க வேண்டிய பிரிவுகள் மூன்று. 5ஆவது பிரிவு, ஆண் உயர்ந்தவர், பெண் தாழ்ந்தவர் என்ற நினைப்பில் வளர்ந்த பழக்கவழக்கங்களையும் மாற்ற அரசு முயல வேண்டும் என்கிறது. சட்டத்தை மாற்றினால் மட்டும் கடமை தீராது. 10ஆவது பிரிவு கல்வி பற்றியது. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று பாடப்புத்தகங்களில் உள்ள அச்சுவார்ப்புகளை நீக்கச் சொல்கிறது. தங்கள் துறைப் பாடநூலையே கையில் எடுத்து, உதாரணக் கணக்குகளில் மேலாளர் யார், செவிலியர் யார் என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

மூன்றாவது, அதிகம் சண்டை வரும் 4ஆவது பிரிவு. சமத்துவத்தை விரைவுபடுத்தத் தற்காலிகமாக எடுக்கும் சிறப்பு நடவடிக்கைகள் பாகுபாடு ஆகாது, நோக்கம் நிறைவேறியதும் அவற்றை நிறுத்திவிட வேண்டும் என்கிறது. இடஒதுக்கீடு இதில்தான் வரும். "இது ஆண்களுக்கு அநியாயம் இல்லையா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கேட்பவரிடம் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கைத் திருப்பி நினைவூட்டினால் போதும். பழைய பாகுபாடு அப்படியே இருக்க, அதன்மேல் ஒரே விதியைப் போட்டால், பழைய பாகுபாடு புது விதிக்குள் குடியேறிவிடும். அதைச் சரிசெய்ய ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு, எதுவரை என்று விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும்.

வகுப்பில் செய்யக் கூடியவை

ஒரு வாரம் எல்லாரும் நேரக் குறிப்பு எழுதட்டும். எழுந்தது முதல் படுப்பதுவரை எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், வீட்டில் மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம். பெயர் போடாமல் தாளை வாங்கி, கூட்டிப் பலகையில் எழுதுங்கள். ஆசிரியர் நீளமாகப் பேச வேண்டிய அவசியமே இருக்காது. அதேபோல ஒரு விவாதத்தின்போது ஒருவரை ஓரமாக உட்காரவைத்து, யார் எத்தனை முறை பேசினார், யாருடைய பேச்சு பாதியில் வெட்டுப்பட்டது என்று குறித்துக்கொள்ளச் சொல்லலாம்.

மாணவிகளைப் பார்த்து "நீங்கள் பெண்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று எழுப்பிவிடுவதைத் தவிர்க்க வேண்டும். எல்லாப் பெண்களுக்காகவும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் பேச வேண்டும் என்பது அவர்மேல் ஏற்றும் பாரம். ஆண் மாணவர்களை நோக்கி விரல் நீட்டுவதும் பயன் தராது. இந்த ஏற்பாட்டை அவர்கள் உருவாக்கவில்லை. அழக் கூடாது, பயத்தைக் காட்டக் கூடாது, சம்பாதித்தே தீர வேண்டும் என்று அவர்களையும் அதே ஏற்பாடு இறுக்கிப் பிடிக்கிறது என்பதையும் பேசலாம். ஆனால் அதைப் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்திவிடக் கூடாது; இழப்பின் அளவு இரு பக்கமும் ஒன்றல்ல.

இன்னொன்றுக்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையாவது துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ, பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார். அப்படியென்றால் அனுபவப்பட்டவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வன்முறை பற்றிப் பேசப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே போக நினைப்பவர் காரணம் சொல்லாமல் போகட்டும்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் தங்கி நிற்பார். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவன விதிப்படி எதை மேலே தெரிவித்தாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும், உங்கள் கோபத்தில் நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பணியிட வன்முறை, தொல்லைக்கு எதிராக உலகத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற 190ஆவது உடன்படிக்கை, பயிற்சி மாணவர்களையும் பாதுகாப்புக்கு உரியவர்களாகச் சேர்த்திருக்கிறது. நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எந்த அறையில், எந்த எண்ணில் பிடிக்கலாம், மனநல ஆலோசகரை எப்படிப் பார்ப்பது என்ற விவரங்களை முதல் வகுப்பிலேயே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேவைப்படுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாமலே அது அவர் கைக்குப் போய்ச் சேரும்.